டி.ஓ. பட்டமும் சத்திரசிகிச்சைக் கூடமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



முந்தநாள் காரைநகரிலிருந்து பாதையில் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை அமெரிக்காவில எலும்பு டாக்குத்தராமே?" என்று கேட்டா. ஓம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டு வந்தோம். பட்டத்தின் பெயர் செய்த வேலை அது. ஒஸ்டியோபதி என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒட்டகப்புலத்து முறிவு நெரிவு வைத்தியம்தான் நினைவுக்கு வரும்.

'நாங்கள்' என்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இது இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்த இரண்டு பேரின் கதை. 1991இல் தீவுகள் வெறிச்சோடியபோது ஆளுக்கொரு திக்காகப் போனோம். ரொறன்ரோவில் மறுபடி சந்தித்தோம். கனடாவில் மருத்துவபீட இடம் இருவருக்கும் கிடைக்கவில்லை. எல்லைக்கு அப்பால், மிச்சிகன் மாநிலத்தில், கனேடிய மாணவர்களை எடுக்கும் ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி இருந்தது, போனோம். அதற்குப் பின்னால் பெரிய இலட்சியம் எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டோம்.

முதலில் அந்தப் பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் எம்.டி. என்பது இங்கே எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படைப் பட்டம். இங்குள்ள விசேட வைத்தியரின் எம்.டி. அல்ல. அதற்கு இணையான இன்னொரு பட்டம்தான் டி.ஓ. அன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில் என்ற வைத்தியர் 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் ஊரில் முதற் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். இன்றைய டி.ஓ. மாணவி மற்ற மருத்துவ மாணவி படிக்கும் எல்லாவற்றையும் படித்து, கைகளால் தடவி, அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சையில் ஏறத்தாழ 200 மணித்தியாலம் கூடுதலாகப் பயில்கிறாள். மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சை செய்யலாம். இலண்டனில் உள்ள சொந்தக்காரர் குழம்புவதற்குக் காரணம் உண்டு: அங்கே ஒஸ்டியோபத் என்பவர் வைத்தியர் அல்ல, கத்தி பிடிக்க முடியாது. பெயர் ஒன்று, தொழில் வேறு.

சட்டம் சமம் என்றது. சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்கள் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. 1962இல் கலிபோர்னியாவில் 65 டொலர் கட்டிய டி.ஓ.க்களுக்கு எம்.டி. என்ற எழுத்துகளைக் கொடுத்தார்கள். படிப்பு அதேதான், கையும் அதேதான். எழுத்து மட்டும் மாறியது. எங்கள் பேராசிரியர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். விண்ணப்பம் போடும் வருடம் வந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் காலத்தில் பயிற்சி இடங்களுக்கு இரண்டு தெரிவுகள் நடந்தன. டி.ஓ.க்களுக்கென்றே இருந்த இடங்களின் முடிவு பெப்ரவரியில் வரும். பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலைகள் உள்ள பொதுத் தெரிவின் முடிவு மார்ச்சில். பெப்ரவரியில் இடம் கிடைத்தால் மார்ச்சிலிருந்து உங்கள் பெயர் தானாக நீங்கிவிடும். குறிகட்டுவான் துறையில் நிற்பவருக்கு இது விளங்கும்: முதல் வள்ளத்தில் ஏறினால் அடுத்தது உங்களுக்கில்லை. ஏறாமல் விட்டால், அடுத்ததில் இடம் இருக்குமோ தெரியாது.

அது 2009. வன்னியிலிருந்து வந்த செய்திகளுக்குப் பயந்து தொலைபேசியை எடுக்கவே தயங்கிய மாதங்கள். எங்களில் ஒருத்தி பெப்ரவரியில் ஒரு சிறிய நகர வைத்தியசாலையை ஏற்றுக்கொண்டாள். மற்றவள் மார்ச்சுக்குக் காத்திருந்தாள். இன்று இந்த மேடையில் நிற்பவள் முதலாமவள்.

இரண்டாமவளின் கைதான் திறமான கை. தகப்பனோடு இருந்து வலை பொத்திப் பழகியவள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவதை எங்களுக்கெல்லாம் அவள்தான் காட்டித் தந்தாள். பரீட்சைப் புள்ளியும் அவளுக்கே கூட. ஒரு பெரிய வைத்தியசாலை, டி.ஓ. விண்ணப்பங்களைப் பார்ப்பதில்லை என்று ஒரு வரியில் பதில் போட்டது. மார்ச்சில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு உறுதியில்லாத ஒரு வருட இடத்தில் இரவு பகலாக நின்று, மறுபடி விண்ணப்பித்து, மறுபடியும் கிடைக்காமல் குடும்ப வைத்தியத்துக்குப் போனாள். நல்ல வைத்தியர்; அவளது நோயாளர் அவளை விடமாட்டார்கள். ஆனால் சந்தோசமாகத்தான் விட்டாள் என்று சொல்லாதே என்று அவளே சொல்லி அனுப்பினாள். அதனால் சொல்லவில்லை.

2015இலிருந்து 2020 வரை இரண்டு பயிற்சி முறைகளையும் ஒன்றாக்கினார்கள். இப்போது ஒரே தெரிவு, ஒரே வரிசை. கதவு திறந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். எங்களுக்கு அரைவாசி மகிழ்ச்சிதான்: டி.ஓ.க்களுக்கென்றிருந்த இடங்களும் அதோடு போயின, சில சிறிய பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டன. பொதுச் சத்திரசிகிச்சைக்கு இன்று போக முடிகிறது. நரம்பியல், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைகளில் டி.ஓ.வுக்கு இடம் இன்னும் அரிது.

வெளிநாட்டில் இந்த மலரை வாசிக்கப்போகும் தாய்மாருக்கு, உங்கள் மகள் இந்த வழியில் நிற்கிறாள் என்றால்: டி.ஓ.க்களின் பரீட்சையோடு எம்.டி.க்களின் பரீட்சையையும் எழுதச் சொல்லுங்கள். 2022இலிருந்து இரண்டிலும் முதற் கட்டத்துக்குச் சித்தி, சித்தியில்லை என்பது மட்டும்தான். ஆகவே இரண்டாம் கட்டப் புள்ளிதான் கண்ணில் படும். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த வைத்தியசாலை இல்லை. விரும்பும் இடத்தைத் தானே தேடிப்போய் ஒரு மாதம் வேலை செய்யவேண்டும். எங்களைத் தெரிவுசெய்தவர்கள் பட்டத்தைப் பார்த்து எடுக்கவில்லை. அந்த ஒரு மாதம் அதிகாலையில் யார் முதலில் வந்து நின்றது என்பதைப் பார்த்தார்கள்.

இங்கே உயர்தரம் படிக்கும் தங்கைகளுக்கு வேறு கதை. அமெரிக்காவில் நாலு வருடப் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. கடனும் மிகப் பெரிது. யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் இடம் கிடைத்தால் அதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து ஓடி வராதீர்கள். கைதடியில் சித்த மருத்துவம் படிப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அறிந்தோம். உங்கள் பட்டத்தின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுபவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்; உங்களோடு தனியாகக் கதைக்க விருப்பம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஆறாம் வகுப்பு அறையில் இருப்போம். மூன்று மணிக்குத் தோழி தொலைபேசியில் வருவாள். முடிச்சுப் போடப் பழக விரும்புபவர்கள் ஒரு நூல் துண்டு கொண்டு வாருங்கள். அவளே சொல்லித் தருவாள்.