விடுதியில் படிக்கும் பிள்ளை



பிள்ளையைக் கல்லூரி விடுதியில் சேர்க்கும்போது, "கெட்ட சகவாசம் வேண்டாம்டா" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பீர்கள். கூட்டாளியே இல்லாத பிள்ளைக்கும் ஆபத்துண்டு. புது இடம், இங்கிலீஷ் பாடம், பரீட்சை பயம், நாலு பேரோடு பேசக் கூச்சம். அப்போது ஒருவன் டம்ளரை நீட்டுகிறான். குடித்தால் கூச்சம் போனாற்போல் இருக்கும். போதை தெளியும்போது படபடப்பு கூடும், தூக்கமும் கெடும். அதை அடக்க மறுபடி குடி.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 1993-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தன்னைவிட மற்றவர்களுக்குத்தான் குடி சம்மதம் என்றே மாணவர்கள் நினைத்திருந்தார்கள். ஆளாளுக்கு மனசுக்குள் தயக்கம், வெளியே சொல்வாரில்லை!

லீவில் வரும் பிள்ளையிடம் மார்க்கை அப்புறம் கேளுங்கள். "யாரோடப்பா சாப்பிடறே? ராத்திரி தூக்கம் வருதா?" என்று முதலில் கேளுங்கள். குடிக்காத சிநேகிதன் இருந்தால் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். அப்பாவே குடித்துவிட்டு வந்து கேட்டால் எடுபடாது, ஐயா.

பயம், படபடப்பு விடாமல் இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தினமும் குடித்தவன் திடீரென நிறுத்தி, கைகால் நடுங்கினால் மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப்போங்கள்.