பாறையே வீடான பொற்பல்லி



புறப்படும் வேளையிற் சுவரிலே பல்லி சொன்னால், எடுத்த அடியைப் பின்வைத்துப் பலன் பார்ப்பவர் நம்மிடையே பலர். பல்லியின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் நாம், அதன் வாழ்வை அறிந்தது மிகச் சொற்பம். இன்று நான் கூறவிருப்பது, மனிதன் கட்டிய சுவரை நாடாது, கற்பாறையையே வீடாகக் கொண்ட ஒரு பல்லியைப் பற்றியதாகும்.

அம்பாறை, மொனராகலைப் பகுதிகளின் பாறைக்குகைகளில் அது வாழ்கின்றது. இலங்கையிலன்றி வேறெங்கும் அது இல்லை. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த தெரணியகல அவர்கள் 1953ஆம் ஆண்டில் அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். வீட்டுப் பல்லியிலும் அது பெரியது. ஆணின் கழுத்தின் கீழ்ப்புறம் மஞ்சள் நிறமாக விளங்கும். ஆதலின் அதனைப் பொற்பல்லி என்போம். இப்பேரினத்தில் உலகில் இரண்டே இனங்கள் உள்ளன. மற்றையது இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வாழ்கின்றது.

பேரினத்தின் விஞ்ஞானப் பெயர் "அழகிய விரல்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது. விரல் நுனிகள் விசிறிபோல் விரிந்திருக்கும். குகையின் கூரையில் தலைகீழாக ஓடும்போதும் அது விழுவதில்லை. விரலிற் பசை உண்டோ எனின், இல்லை. பல்லிகளின் விரலடியில் கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்மயிர்கள் உள. அவை பாறையை மிக நெருங்கித் தொடும்போது, மூலக்கூறுகளிடையே எழும் கவர்ச்சியே உடலைத் தாங்குகின்றது.

பகலில் வெடிப்புகளிலும் நிழலிலும் ஒதுங்கியிருந்து, பொழுது சாய்ந்தபின் அது பூச்சிகளைத் தேடும். அதன் வாழ்வில் வியப்புக்குரியது முட்டையிடும் முறையே. தாய் ஒரு முறைக்கு இரண்டு முட்டைகளைக் குகைச் சுவரில் ஒட்டிவிடும். இடும்போது மென்மையாயுள்ள ஓடு விரைவில் இறுகிப் பாறையோடு பாறையாகிவிடும். பின்னர் உடைக்காமல் அதனைப் பெயர்த்தெடுத்தல் இயலாது. ஒரு தாய் இட்ட இடத்திலேயே வேறு தாய்களும் வந்து இடும். குஞ்சுகள் வெளியேறிய பின் ஓட்டின் அடிப்பாகம் வெண்வளையமாக எஞ்சும். பழைய வளையங்களின் அருகே மறுபடியும் புதிய முட்டைகள் தோன்றும். மழையும் வெயிலும் படாத அவ்விடம் பல தலைமுறைகளின் தொட்டிலாகும்.

இங்கேதான் ஆபத்தும் உளது. கூடு கலைந்த பறவை வேறு மரம் தேடும். பாறையில் ஒட்டிய முட்டைக்கோ போக்கிடமில்லை. கல்லுடைப்போரின் ஒரு வெடி, குகையில் மூட்டிய தீ, சுவரிற் பெயர் பொறிக்கும் ஒருவரின் கத்தி, இவற்றுள் ஒன்றே ஒரு தொட்டிலை அழிக்கப் போதும்.

ஆதலின் நேயர்களே, அப்பக்கத்துக் குகையொன்றினுள் நுழையும்போது, சுவரிலுள்ள வெண்வளையங்களைச் சுண்ணாம்புக் கறையென எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள். வெறுமையாகத் தோன்றும் அக்குகை பிறர் குடியிருக்கும் வீடு. ஓசையின்றிப் பார்த்துத் திரும்புவதே விருந்தினரான நமக்கு அழகு.