நான்டக்கெட் கடலில் எழாத காற்றாலைகள்

இந்த ஆண்டுச் சொற்பொழிவு, கட்டப்படாமலே போன ஒரு மின் நிலையத்தைப் பற்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கரைக்கும் மார்த்தாஸ் வின்யார்டு, நான்டக்கெட் தீவுகளுக்கும் நடுவே உள்ள கடலில் அது எழுந்திருக்க வேண்டும். 2001-இல் அறிவிக்கப்பட்டது, 2017-இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் காற்றை அளக்க ஒரு கோபுரம் நின்றதே தவிர, ஒரு காற்றாலைகூடச் சுழலவில்லை.

திட்டத்தைக் கொண்டுவந்தவர் ஜிம் கார்டன். இயற்கை எரிவாயு மின் நிலையங்கள் கட்டித் தொழிலில் வளர்ந்தவர். டென்மார்க் 1991-இலேயே வின்டபியில் 11 காற்றாலைகளைக் கடலில் நிறுத்தியிருந்தது. அமெரிக்கக் கடலில் அப்படி ஒன்றும் இல்லை. நான்டக்கெட் நீரிணையின் நடுவிலுள்ள 'ஹார்ஸ்ஷூ ஷோல்' என்னும் மணல் திட்டைக் கார்டன் தேர்ந்தெடுத்தார். அங்கே ஆழம் குறைவு. தீவுகள் மறைப்பதால் பேரலைகளும் குறைவு. காற்றுக்கோ பஞ்சமில்லை. இறுதி வடிவில் 130 காற்றாலைகள், 468 மெகாவாட், இறக்கை நுனிவரை 440 அடி உயரம். பெயர் 'கேப் விண்ட்'.

அந்த இடத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது. வம்பும் அங்கேதான் முளைத்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை கடல் மாநில அரசுக்கு உரியது. அதற்கு அப்பால் மத்திய அரசின் ஆளுகை. நீரிணையின் நடுப்பகுதி, ஏறக்குறைய நாற்புறமும் மாநிலக் கடல் சூழ்ந்திருக்க, தான் மட்டும் மத்திய அரசின் கையில் கிடந்தது. கடலில் காற்றாலை வைக்க யாரிடம் அனுமதி கேட்பது என்று சொல்லும் சட்டமே அன்று கிடையாது. ஆறுகளுக்கும் துறைமுகங்களுக்கும் 1899-இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ராணுவப் பொறியாளர் படை மனுவைப் பரிசீலித்தது. 2004-இல் அதன் வரைவு அறிக்கை வந்தது. மறு ஆண்டே புதிய எரிசக்திச் சட்டம் அந்த அதிகாரத்தை உள்துறை அமைச்சகத்தின் கனிமத் துறைக்கு மாற்றியது. ஆய்வு மறுபடியும் முதலிலிருந்து.

அதற்குள் அரசியல் சூடேறிவிட்டது. யார் எந்தப் பக்கம் என்பதைக் கட்சியை வைத்துச் சொல்ல முடியவில்லை. சுற்றுச்சூழலுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடி கடுமையாக எதிர்த்தார். ஹயனிஸ் போர்ட்டில் உள்ள அவர் குடும்ப வீட்டுக்கு எதிர்க்கடலில்தான் திட்டம். அன்று சுற்றுச்சூழல் வழக்கறிஞராக இருந்த ராபர்ட் கென்னடி ஜூனியர் 2005-இல் நியூயார்க் டைம்ஸில் எதிர்ப்புக் கட்டுரை எழுதினார். குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னியும் அதே பக்கம் நின்றார். எண்ணெய், நிலக்கரி வணிகத்தில் செல்வம் சேர்த்த பில் கோக், 'நான்டக்கெட் நீரிணைப் பாதுகாப்புக் கூட்டணி'க்குப் பணம் கொடுத்துத் தலைமையும் ஏற்றார். எதிர்ப்பு விளம்பரத்தில் தோன்றிய செய்தியாளர் வால்டர் கிரான்கைட் 2003-இல் பின்வாங்கிக்கொண்டார். கிரீன்பீஸ் திட்டத்தை ஆதரித்தது. ஆதரவைச் சொல்லித் தேர்தலில் நின்ற டெவல் பேட்ரிக் 2006-இல் வென்று, மறு ஆண்டு ஆளுநரானார்.

மாளிகைவாசிகளின் கடற்காட்சி கெடுகிறது என்பதுதான் சண்டை என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கேலியில் உண்மை உண்டு. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் மற்றவர்களின் குரல் காணாமல் போகும். அந்தத் திட்டில் கணவாய்க்கு மடி இழுத்தவர்கள், தூண்களுக்கு நடுவே எப்படித் தொழில் செய்வது என்று கேட்டார்கள். மாஷ்பீ, அக்வினா வாம்பனோக் பழங்குடியினரின் கேள்வி இன்னும் பழையது. கடல்மட்டம் உயருமுன் அந்தத் திட்டு நிலமாக இருந்தது, அங்கே தங்கள் முன்னோர் வாழ்ந்தார்கள், புதைக்கப்பட்டார்கள் என்றார்கள். விடியல் வழிபாட்டுக்குத் தடையில்லாத கீழ்வானம் வேண்டும் என்றும் கேட்டார்கள். நீரிணை தேசிய வரலாற்று இடப் பதிவேட்டுக்குத் தகுதியானது என்று தேசியப் பூங்காத் துறை 2010 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று, உள்துறைச் செயலர் கென் சலசார் திட்டத்துக்கு அனுமதி வழங்கினார்.

அனுமதி வந்ததும் பணச்சிக்கல் தொடங்கியது. பாதி மின்சாரத்தை வாங்க ஒப்புக்கொண்ட மின் நிறுவனமான நேஷனல் கிரிட், யூனிட்டுக்கு 18.7 சென்ட் தரவேண்டியிருந்தது, அந்த விலை ஆண்டுதோறும் 3.5 சதவீதம் ஏறும். எரிவாயு மலிந்துகொண்டிருந்த காலம் அது. வழக்குகள் ஓயவில்லை. 2014 டிசம்பருக்குள் நிதி திரட்டி முடிக்காததால், 2015 ஜனவரியில் நேஷனல் கிரிட் உள்ளிட்ட மின் நிறுவனங்கள் ஒப்பந்தங்களை முறித்தன. கடலடி ஆய்வு போதாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது.

பக்கத்து ரோட் ஐலண்டில் நடந்ததை ஒப்பிட்டால் கோளாறு எங்கே என்று தெரியும். அந்த மாநிலம் 2008-இல் தொடங்கி, மீன்பிடிக் களம், கப்பல் பாதை, கடலடி, பறவைத்தடம் எல்லாவற்றையும் அளந்து, மீனவர்களையும் பழங்குடியினரையும் உட்காரவைத்துப் பேசி, 2010-இல் கடல் மேலாண்மைத் திட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி பிளாக் ஐலண்டு தீவுக்கு அருகே ஐந்து காற்றாலைகள், 30 மெகாவாட். அங்கும் எதிர்ப்பு இருந்தது, வழக்கு இருந்தது. விலை யூனிட்டுக்கு 24.4 சென்ட், கேப் விண்டைவிட அதிகம். ஆனாலும் 2016 டிசம்பரில் மின்சாரம் பாய்ந்தது. டீசல் எஞ்சினை நம்பியிருந்த அந்தத் தீவுக்குக் கடலடிக் கேபிள் வந்தது. கண்ணெதிரே சுழலும் காற்றாலையால் தங்களுக்கு என்ன ஆதாயம் என்பதைத் தீவுக்காரர்கள் நேரில் கண்டார்கள்.

டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. கோபன்ஹேகன் துறைமுகத்தை ஒட்டிய மிடில்கிரண்டனில் 2000-இல் எழுந்த 20 காற்றாலைகளில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்காளிகள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தம்.

மாசசூசெட்ஸும் பின்னர் தீவுகளுக்குத் தெற்கே ஆழ்கடலுக்கு நகர்ந்தது. 806 மெகாவாட் வின்யார்டு விண்ட் 2024 ஜனவரியில் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஓர் இறக்கை முறிந்து, துண்டுகள் நான்டக்கெட் கடற்கரையில் ஒதுங்கின. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் கடல் காற்றாலைகளுக்குப் புதிய குத்தகை தருவதை நிறுத்தினார்.

இது நமக்கும் தூரத்துச் செய்தியாக இருக்கப்போவதில்லை. 2024 ஜூனில் இந்திய மத்திய அமைச்சரவை ரூ.7,453 கோடி நிதியுதவியுடன் 1,000 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலில். அந்தக் கடலின் ஒரு பகுதியான மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அதைவிட நெடுங்காலமாக அங்கே மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், எந்த மாதம் வலை விழும், சோழக்காற்றில் படகு எந்தத் தடத்தில் திரும்பும் என்பது கடலோர ஊர்களான உவரிக்கும் மணப்பாட்டுக்கும் தெரியும். எந்த அலுவலக வரைபடத்திலும் அது கிடைக்காது.

காற்றாலை வேண்டும், அதில் இந்த உரைக்கு ஐயமில்லை. ஒப்பந்தப்புள்ளி கோருமுன் அந்த ஊர்களின் மீன்பிடிக் களங்களை வரைபடத்தில் ஏற்றுங்கள். இழப்பீடு எவ்வளவு, மின்சாரத்தில் ஊருக்கு என்ன பங்கு, தூண்களுக்கு நடுவே படகு போகலாமா என்பதை எழுத்தில் கொடுங்கள். முதல் தூண் நடுவதற்கு முன்பே அவை கிராமசபையில் படிக்கப்பட வேண்டும் என்பதே அரசுக்கு இந்த அவையிலிருந்து வைக்கும் வேண்டுகோள்.