வலிப்புக்குச் சாவி வேண்டாம்



சந்தையில் ஒருவர் திடீரென்று விழுகிறார். கை, கால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. நாம் என்ன செய்கிறோம்? "சாவியைக் கொண்டா!" என்று கத்துகிறோம். அவர் கையில் இரும்பைத் திணிக்கிறோம். சற்று நேரத்தில் வலிப்பு நிற்கிறது. இரும்பாலா நின்றது? இல்லை. பெரும்பாலும் வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும்.

மூளையில் சிறு மின்சாரம் ஓடுகிறது. அது தாறுமாறாகப் பாய்ந்தால் வலிப்பு வரும். இது பேயும் இல்லை, சாபமும் இல்லை. ஒட்டுவார்ஒட்டி நோயும் இல்லை. சில பிள்ளைகள் கீழே விழமாட்டார்கள். சில நொடி வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கவனம் இல்லை என்று அடிக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் தலைக்குக் கீழே துணி வையுங்கள். பக்கத்தில் கல், அடுப்பு இருந்தால் அகற்றுங்கள். கை கால்களை அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீரும் கொடுக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், பத்தில் ஏழு பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

"பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே" என்று நோயை மறைக்கிறோம். முன்பு இந்து திருமணச் சட்டமே வலிப்பைத் தடையாகச் சொன்னது. 1999-இல் அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது. நாமும் மாற வேண்டாமா?