பாம்புக்கும் வமிசப் பெருமையா?



பாம்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். புற்றுக்குப் பாலூற்றும் விஷயமல்ல இது. இரத்தம், வமிசம், சுத்தம் என்பதை நாம் மறுத்துப் பேசினால் உடனே, "நாய்க்கும் மாட்டுக்கும் ஜாதி இல்லையா?" என்று ஒரு கேள்வி வந்து விழுகிறது. அமெரிக்காவிலோ வீட்டில் வளர்க்கிற பாம்புக்குக்கூட வமிசம் சொல்லி விலை வைக்கிறார்கள். அந்த வமிசம் எதில் இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமே. (நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்க்க 1972-ம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுப்பதில்லை, ஆகையால் இதைக் கேட்டுவிட்டு யாரும் கூடையோடு புறப்பட வேண்டாம்.)

சோளப் பாம்பு என்று ஒன்று. விஷமில்லாதது, எலி தின்று பிழைப்பது. தென் கரோலினாவில் ஜாஸ்பர் ஜில்லாவிலே ஓக்கிட்டி என்ற வேட்டைச் சங்கத்தாரின் நிலம் இருக்கிறது. அங்கே அகப்பட்ட சோளப் பாம்புகளின் அழகு பேர்பெற்றது. ஆரஞ்சு நிறத்தின்மேல் சிவப்புத் திட்டு, திட்டைச் சுற்றிக் கனத்த கறுப்புக் கரை. ஸ்டேட்டன் தீவு மிருகக்காட்சிசாலையைச் சேர்ந்த கார்ல் காஃபெல்ட் என்பவர் 1957-ல் எழுதிய புத்தகத்தால் அந்த இடம் பாம்புப் பிரியர்களுக்கு ஒரு க்ஷேத்திரமே ஆகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஓக்கிட்டி என்ற பெயரில் இரண்டு வகை விற்பனைக்கு வந்தன. ஒன்று, அந்த மண்ணில் பிடித்த பாம்புகளின் சந்ததி; இன்ன ஆண், இன்ன பெண், இன்ன வருஷம் என்று எழுத்து ஆதாரம் உள்ளது. மற்றொன்று, எங்கெங்கோ பிறந்தவைகளில் கரை கனத்ததாகப் பார்த்துப் பொறுக்கி இணைத்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொறுக்கியெடுத்ததுதான் பல சமயம் அதிக "ஓக்கிட்டி"யாகத் தோன்றும்! அந்த மண்ணின் பாம்போ சில சமயம் சாதாரணமாகவே இருக்கும். ஆகவே முகத்தைப் பார்த்து வமிசம் சொல்லுகிறவன் ஏமாறுகிறான், அல்லது ஏமாற்றுகிறான்.

சரி, தாய் தகப்பனைப் பார்த்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1953-ல் வட கரோலினாவில் கறுப்பு நிறமே இல்லாத ஒரு சோளப் பாம்பு பிடிபட்டது. பெக்டெல் என்ற தோல் வைத்தியரும் அவர் மனைவியாரும் அதன் சந்ததியைக் கவனித்து 1962-ல் வெளியிட்டார்கள். இந்தக் குணம் மறைந்து வருவது. சாதாரணப் பாம்போடு சேர்த்தால் குட்டிகளெல்லாம் சாதாரணமாகவே பிறக்கும். அவைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் சராசரி நான்கில் ஒன்று கறுப்பில்லாமல் வரும். நடுத்தலைமுறையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணக்குப் புஸ்தகம்தான் சொல்லும்.

அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. பெண் பாம்பு ஆணின் விந்தை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கிலும், உடலில் வைத்திருக்கக்கூடியது. போன வருஷத்து ஆணின் குட்டியை இந்த வருஷத்து ஆணின் பேரில் எழுதிவிட்டால் வமிசாவளி முழுவதும் பொய். எனவே யோக்கியமாக வளர்ப்பவர் பெண்ணைக் குஞ்சிலிருந்தே தனியாக வைத்திருப்பார். உரித்த சட்டையைப் பத்திரப்படுத்துவார். அந்தச் சட்டையிலிருந்தே இப்போது மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். அண்ணனையும் தங்கையையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போவதும் காப்பாற்றுவதாகாது. குட்டிகள் நலிந்து போகும். அதே இடத்தில் பிறந்த, உறவில்லாத இரத்தத்தை இடையிடையே கொண்டுவந்தால்தான் வரிசை நிற்கும். சுத்தம் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, காப்பாற்றத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டிய வமிசமும் உண்டு. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் "சிலந்தி" என்று ஒரு வகை. மெல்லிய வலைக்கோடு போட்ட அழகு. அதே மரபு அந்தப் பாம்பின் தலையை ஆட்டுகிறது. சிலதுக்குக் கொஞ்சம் ஆடும். சிலதோ இரையைக் குறி வைக்கமுடியாமல் மல்லாந்து புரளும். உட்காதின் அமைப்பே கோணலாக இருக்கிறதென்று 2022-ல் ஆராய்ந்து காட்டினார்கள். கோட்டையும் ஆட்டத்தையும் பிரிக்க முடியவில்லை. பிரிட்டனில் ஒரு சங்கத்தார் தங்கள் சந்தையில் அதை விற்கக்கூடாதென்று 2018-ல் தடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில், தலை ஆடுவதை "கொஞ்சம்தான்" என்று சொல்லி இன்னமும் விற்கிறார்கள்.