மேல் ஒரு சாண் மண்



நெய்வேலிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் மலைபோல மண்மேடுகள் நிற்கும். பழுப்பு நிலக்கரி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மேலே உள்ள மண்ணையெல்லாம் வாரிக் கொட்டினால்தான் அதை எடுக்க முடியும். கொட்டுகிற அவசரத்தில் மேல்மண் அடியில் புதைந்துவிட்டால், அந்த மேட்டில் நட்ட கன்று தண்ணீர் ஊற்றினாலும் சவலைப் பிள்ளையாகவே நிற்கும். சத்தில்லாத மண் ஒரு காரணம். இன்னொன்று, வேருக்குத் துணையில்லாமல் போவது.

அந்தத் துணைக்கு வேர் உட்பூசணம் என்று பெயர். 'வேம்' என்றால் விவசாயிகளுக்குத் தெரியும். வேருக்குள் புகுந்து குட்டி மரம்போலக் கிளைக்கும். வெளியே மண்ணில் இழை நீட்டும். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்தால் செடிக்குப் பட்டினிதான். பூசண இழையோ பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் எடுத்து வரும். பதிலுக்குச் செடியிடம் சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்ளும். 40 கோடி ஆண்டு உறவு இது!

ஒரு பிடி மண்ணை வாளித் தண்ணீரில் கலக்குங்கள். மணல் அடங்கியதும் மேல்நீரை நுண்ணிய சல்லடைகளில் வடித்து, தங்கியதை நுண்ணோக்கியில் பாருங்கள். வெளிர்மஞ்சள், தேன்நிறம், கருஞ்சிவப்பு என்று உருண்டை உருண்டையாக இந்தப் பூசணத்தின் வித்துகள். பெரியதே அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல காட்டு மண்ணில் பல வகை கிடைக்கும். புதிதாகக் கொட்டிய மேட்டில் ஒன்றிரண்டைக் காண்பதே அரிது.

ஆனால் பழைய சுரங்க நிலங்களை வெறும் பாழ் என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் ஆகன் நகருக்கு அருகே பிரைனிகர்பெர்க் என்ற பழைய ஈய, துத்தநாகச் சுரங்க மேடு இருக்கிறது. அந்த நச்சு மண்ணிலும் ஒரு மஞ்சள் பூச்செடி பூக்கிறது. அதன் வேரிலிருந்த பூசணத்தைப் பிரித்தெடுத்து மக்காச்சோளத்துக்குக் கொடுத்தார்கள். உலோகம் மிகுந்த மண்ணில் மக்காச்சோளம் வளர்ந்தது. அந்த மண்ணிலேயே பழகிப் பிழைத்த வகை அது. பொட்டலத்தில் வாங்கிப் போடும் ஒரே வகை எல்லா மேட்டுக்கும் ஈடாகாது என்று நான் நம்புவது இதனால்தான்.

ஆகவே சுரங்கம் தோண்டும் முன் மேல் ஒரு சாண் மண்ணைத் தனியே வழித்து வைக்க வேண்டும். உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே இருப்பவை செத்துப்போகும். தாழ்வாகப் பரப்பி, அதன்மேல் கொள்ளும் கொழுஞ்சியும் விதையுங்கள். உயிருள்ள வேர் இருக்கும்வரை பூசணமும் பிழைத்துக் கிடக்கும்.