மீன்தொட்டிக்குள் ஒரு வேதியியல் வகுப்பு

(தாம்பரம் பகுதியில் நடந்த குறுவள மையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பள்ளியில் மீன்தொட்டி வைப்பது எளிது. கொளத்தூர் வரை ஒரு நடை போய்வந்தால் தொட்டி, மீன், செடி எல்லாம் கிடைத்துவிடும். இரண்டே வாரத்தில் மீன்கள் செத்து மிதக்கும்போதுதான் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. தீனி போட்ட பிள்ளைமேல் பழி விழும். தொட்டி மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும். காரணம் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்கு உணவு. கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நாம் நடத்தும் நைட்ரஜன் சுழற்சிதான் இது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நமக்கோ சுத்தம் செய்வதில் ஆர்வம் அதிகம்! வெள்ளிக்கிழமைதோறும் தொட்டியைக் கவிழ்த்து, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போய்விடும். வாரம் கால் பங்கு நீரை மாற்றினால் போதும். வெளியே எடுத்த பழைய நீரிலேயே பஞ்சை அலசுங்கள்.

அடுத்து, எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம்? நம் பகுதியில் ஒரு மாதம் ஆழ்துளைக் கிணற்று நீர், கோடையில் லாரித் தண்ணீர். குளோரின் கலந்த நீரானால் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருங்கள். அவசரமென்றால் ஆய்வகத்தில் உள்ள சோடியம் தயோசல்பேட்டில் சிறு படிகம் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுபவர்கள் உண்டு. வேண்டாம், அதில் உப்புகள் இன்னும் செறிந்திருக்கும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பக்கெட்டில் வெள்ளை படியும் நம் கிணற்று நீரை மென்மையாக்கப் போராடுவதைவிட, அதற்கேற்ற உயிர்களை வைப்பதே என் கட்சி. கப்பியும் மோலியும் கடின நீரில் நன்றாக இருக்கும். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் அந்நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். அப்போது இலைமேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். பிள்ளைகள் அதை நோய் என்பார்கள். ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கும்.

கடின நீரில் ஒரு கவனம் தேவை. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். ஆகவே நம் தொட்டிகளில் மீன் குறைவாக, தீனி அதனினும் குறைவாக.

பத்தாம் வகுப்புக்கு ஒரு செயல்பாடு சொல்கிறேன். லிட்மஸ் தாள் இதற்கு உதவாது. மீன் கடையில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி வேண்டும். செடி அடர்ந்த தொட்டியில் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பி.எச். பார்க்கச் சொல்லுங்கள். பகலில் செடி கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்வதால் மாலையில் எண் ஏறியிருக்கும். ஒரு வாரம் குறித்து வரைபடத்தாளில் போடட்டும். மேகமூட்டமான நாளில் கோடு அவ்வளவு ஏறாது. ஏன் என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.